பதினேழாவது கேள்வி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

குண்டூசி எழுதுவது. நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, சாப்பிட்டாயிற்று என்கிறாரா? உன் தம்பி மனைவியும், அதாவது என்னவளும், நலம். அக்கரை மருத்துவமனையில் அவளுக்கு இந்த மாதமும் பகல் வேலைதான். ஏழரைப் படகில் போய் ஐந்தரைப் படகில் திரும்புகிறாள். படகுத்துறையில் அவளுக்கு என்னைவிட மரியாதை அதிகம். நான் வெறும் படகு ஆய்வாளர், அவள் ஊசி போடுகிறவள் அல்லவா.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, அதன் அடித்தகட்டைச் சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று சொல்லும். போன வாரம் பெரிய படகின் மூன்றாவது அறையில், இடப்பக்கம் தட்டினேன். கணீர் வரவில்லை. இன்னொரு தட்டுத் தட்டினேன். சுத்தியல் உள்ளே போய்விட்டது. பக்கத்தில் நின்ற படகோட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இத எங்கிட்ட சொல்லாதீங்க, நான் தினமும் இதுலதான் போறேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்து மறுபடி தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். படகை நிறுத்திவிட்டு இடப்பக்கத் தகடு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று நான் அறிக்கை கொடுத்தேன். எங்கள் அலுவலகத் தலைவர், அதான் எங்கள் பெரியவர், அதன் மூலையில் பென்சிலால் "நேரில் பேசவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். நேரில் போனால் பேச நேரமில்லை என்கிறார். இதோடு மூன்று தடவை ஆயிற்று.

எங்கள் அலுவலகத் தொலைபேசி அவர் மேசையில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

உன் தம்பி


ஜனவரி 25

அன்புத் தம்பி குண்டூசிக்கு ஆசிகள்.

மூட்டு இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, வலியும் அங்கேயே இருக்கிறது. அத்தானுக்கு இப்போது மாத்திரையை நான் வாயில் போட்டு, தண்ணீர் இறங்கும்வரை நின்று பார்க்கிறேன். உன் வீட்டில் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

இங்கே சட்டமன்றக் கூட்டத்தொடர் நெருங்குகிறது. என் மேசையில் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. உறுப்பினர்கள் எழுதித் தருவதைத் திருத்தி, துறைக்கு அனுப்பி, பதில் வாங்கி, எது முதலில், எது பின்னால் என்று வரிசை போடுவது என் பிழைப்பு. ஒரு மணி நேரத்தில் எட்டோ ஒன்பதோதான் அவையில் எடுக்கப்படும். எடுக்கப்பட்டால் உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம். அமைச்சர்கள் பயப்படுவது அதற்குத்தான், ஏனென்றால் அதற்கு எழுதிவைத்த பதில் கிடையாது. மணி அடித்த பிறகு மிஞ்சியவற்றின் பதில்களை மேசையில் வைத்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அவற்றை யாரும் படிப்பதில்லை, என்னைத் தவிர.

உங்கள் ஆற்றங்கரைத் தொகுதி உறுப்பினர் நேற்று வந்திருந்தார். பழைய கணக்கு ஆசிரியர் என்பதால் இங்கே எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். விடை மட்டும் போதாது, வழிமுறையும் காட்ட வேண்டும் என்று அமைச்சரிடமே சொல்வார். என் தம்பி உங்கள் ஊரில் வேலை பார்க்கிறான் என்றேன். சந்தோஷப்பட்டார். தேநீர் குடித்தோம். வேறு என்ன பேசினோம் என்று நினைவில்லை.

தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதக் கை வரவில்லை. அவசரமாக எழுதுகிறேன்.

வாத்தியாரின் கேள்வி எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. நீ பார்த்திருப்பாய். "(அ) பெரிய படகின் மூன்றாவது அறையில் இடப்பக்க அடித்தகடு தேய்ந்து ஓட்டை விழுந்திருப்பதை அரசு அறியுமா? (ஆ) அறியுமெனில், எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?"

மூன்றாவது அறை, இடப்பக்கம் என்பது என் அறிக்கையில் மட்டும் இருந்த விவரம். பெரியவர் அந்தத் தாளை என் முன்னால் வைத்தார். பிறகு மிகவும் அன்பாகத்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. புதுப் படகு அடுத்த வருடம் வருகிறது, அமைச்சரே வந்து மிதக்கவிடப் போகிறார், அதுவரை பழையது ஓடியாக வேண்டும் என்றார். "உங்க அறிக்கை கோப்புல இல்லையே தம்பி. திருப்பி அனுப்பின தாள் உங்ககிட்டதான இருக்கு. கோப்புல இல்லாததை அரசு எப்படி அறியும்?" என்றார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். நான் நிரந்தரமாக இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்பதையும் நினைவூட்டினார். பதிலின் வரைவை நானே எழுத வேண்டுமாம்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். நீயா வாத்தியாரிடம் சொன்னாய்?

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. உடனே எழுத முடியவில்லை, அத்தானுக்கு நான்கு நாள் காய்ச்சல். இப்போது தேவலை. மூட்டுக்குப் புதுத் தைலம் வாங்கியிருக்கிறேன், நாற்றம் தாங்கவில்லை.

பதிலை உள்ளது உள்ளபடி எழுது. "ஆம்" என்று எழுது. உன்னை யாரும் தின்றுவிட மாட்டார்கள். ஒரு வேலை போனால் இன்னொன்று.

உன் மனைவியிடம் எந்தப் படகில் போகிறாள் என்று கேள். அவளுக்கு என் அன்பு.

அக்கா


மார்ச் 3

அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. போகட்டும்.

நான் எழுதிவிட்டேன். "(அ) இல்லை. படகு நல்ல நிலையில் உள்ளது. (ஆ) கேள்வி எழவில்லை." கீழே ஆய்வாளர் என்று கையெழுத்தும் போட்டேன். "ஆம்" என்று ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். பெரியவர் படித்துவிட்டு, "திருப்பி எழுதிக் கொண்டாங்க, நான் வெயிட் பண்றேன்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மூன்று மணி நேரம் எதிரே நின்றேன். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

அவையில் இந்தக் கேள்வி எடுக்கப்பட்டால் வாத்தியார் துணைக் கேள்வி கேட்பார். எப்போது தட்டிப் பார்த்தீர்கள், யார் தட்டினார்கள் என்று கேட்பார். என் பெயர் வரும். பொய் சொன்னவன் என்று நான் மட்டும் மாட்டுவேன், பெரியவர் மாட்டமாட்டார். வரிசை உன் மேசையில்தானே போடப்படுகிறது? அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள் அக்கா. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

உன் தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

உன் கேள்வி பதினேழாவதாக வந்தது. எட்டாவதோடு மணி அடித்துவிட்டது. உன் பதில் மேசையில் வைக்கப்பட்டது.

வாத்தியார் நான்கு துணைக் கேள்விகள் எழுதி வைத்திருந்தார். தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "பதினேழுல யாரும்மா போட்டாங்க?" என்றார். வரிசை அப்படி விழுந்துவிட்டது என்றேன். இருபத்திரண்டு வருட வேலையில் ஓர் உறுப்பினரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவர் நம்பிவிட்டார். வெள்ளந்தி மனிதர்.

நீ நிம்மதியாகத் தூங்கு. எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அது சரியாகிவிடும்.

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை மாதமாக எழுதவில்லை, திட்டாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் சாப்பாடு இப்போது இறங்குகிறதா?

என் கையெழுத்துக்கு நல்ல பலன். பெரியவர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். படகில்தான் சிரிப்பு இல்லை. தினமும் காலையில் முதல் நடைக்கு முன்னால், மூன்றாவது அறையில் ஊறி நிற்கும் தண்ணீரைக் கைப்பம்பால் இறைக்கிறோம். ஜனவரியில் ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலை. பிப்ரவரியில் பத்து நிமிடம். இப்போது இருபத்தைந்து. படகோட்டி நிமிடம் சொல்ல, நான் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். யாருக்காகக் குறிக்கிறேன் என்று தெரியவில்லை.

உன் தம்பி மனைவியைப் படகில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பாலத்தைச் சுற்றிப் பேருந்தில் போகிறாள். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. ஏன் என்று கேட்டாள், சொன்னேன். அவள் திட்டவில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். திட்டியிருக்கலாம்.

போன வாரம் துறையில் காய்கறிக்காரம்மா, கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே கேட்டார்: "நர்ஸம்மா ஏன் சார் இப்பல்லாம் படகுல வர்றதில்ல?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் படகு ஒத்துக்கொள்ளவில்லை, குமட்டுகிறது என்றேன். அந்தம்மா, "ஆறு வருசமா ஒத்துக்கிட்டுதே" என்றுவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அக்கா, அமைச்சர் தப்பிக்க நான் ஒரு பதில் எழுதிக் கொடுத்தேனே, அதைப்போல அந்தம்மாவுக்கு என்னால் ஒன்று எழுத முடியவில்லை. மறுநாளிலிருந்து நானே எல்லா நடைக்கும் ஏறுகிறேன். ஆய்வாளர் ஏற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் நின்றால் ஆட்களைக் குறைக்கலாம், பாதி வழியில் பம்பு அடிக்கலாம். வேறு எதுவும் செய்ய எனக்குத் தெரியவில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. நீ படகில் ஏறாதே. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வாத்தியாரிடம் போய் மறுபடி கேளுங்கள் என்றேன். அவர் எழுதித் தந்தார். எங்கள் அதிகாரி ஒரே நிமிடத்தில் நிராகரித்துவிட்டார். பதில் வைக்கப்பட்ட கேள்வியை அதே கூட்டத்தொடரில் இன்னொரு தடவை கேட்க முடியாது. அது விதி. எனக்குத் தெரியாத விதியா? நானே எத்தனை பேருக்கு அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதினேழில் போட்டபோது அது எனக்கு நினைவு வரவில்லை, அல்லது வந்து நான் தள்ளிவிட்டேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில் கதவை வெளிப்பக்கம் பூட்டிவிட்டேன்.

அடுத்த தொடர் ஜூலைக் கடைசியில். அதுவரை விடுப்பு எடு. காலை உடைத்துக்கொண்டேன் என்று சொல். வேலையை விட்டுவிடு. இங்கே வா. நீ படகில் ஏறாதே.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே மழை தொடங்கிவிட்டது. ஆறு கலங்கலாக ஓடுகிறது, மேலே எங்கோ மரங்கள் சாய்ந்து மிதந்து வருகின்றன. ஒன்று நேற்று படகின் பக்கவாட்டில் இடித்தது. படகோட்டியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பம்பு இப்போது ஐம்பது நிமிடம். ஏற்றுகிற ஆட்களைப் பாதியாக்கிவிட்டேன். மிச்சப் பேர் கரையில் நின்று என்னைத் திட்டுகிறார்கள். பெரியவரிடம் புகாரும் போயிருக்கிறது. இவ்வளவு வசவு வாங்கியும் எனக்கு ராத்திரி தூக்கம் வருகிறது அக்கா. மார்ச்சில் வரவில்லை.

இத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. பம்பு நோட்டு, என் அறிக்கையின் கார்பன் நகல். நகல் இருப்பது பெரியவருக்குத் தெரியாது. பத்திரமாக வை. ஜூலையில் அந்தக் கேள்வியை முதலாவதாகப் போடு. இந்தத் தடவை நான் "ஆம்" என்று எழுதுவேன், அவர் ஆறு மணி நேரம் நிற்கவைத்தாலும் சரி. வேலை போனால் உன் வீட்டுக் கூடத்தில் வந்து படுத்துக்கொள்கிறேன். அத்தானிடம் சொல்லி வை, அவர் தலையணை எனக்கு வேண்டாம், அடியில் மாத்திரை குத்தும்.

பிப்ரவரியில் ஒன்று கேட்டேன். நீ இன்னும் பதில் எழுதவில்லை. இப்போது எனக்குக் கோபம் இல்லை. நீயாக இருந்தால் நல்லது என்றுதான் தோன்றுகிறது. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருக்க வேண்டுமல்லவா?

உன் குண்டூசி


ஜூன் 17

அன்புத் தம்பி குண்டூசிக்கு ஆசிகள்.

பொட்டலம் வந்து சேர்ந்தது. நோட்டை மூன்று தடவை படித்தேன். ஐந்து, ஐந்து, ஏழு, பத்து என்று உன் கோணல் கையெழுத்தில் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. கடைசிப் பக்கத்தில் ஐம்பது.

ஒன்று சொல்கிறேன், உன் கடிதங்களில் ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலில் நானே புறப்பட்டு வருகிறேன். உன்னைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் திரும்புவேன். நீ கேட்டதற்கும் பதில் இருக்கிறது. அதை எழுத வேண்டாம், நேரில் பேசலாம்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்கா,

நீங்களும் அத்தானும் பத்திரமாக ஊர் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் இங்கே இருந்த பத்து நாளும் என்னால் பேச முடியவில்லை. மன்னியுங்கள். இப்போது மருத்துவமனைக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன், பேருந்தில். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ரயில் ஏறுவதற்கு முன் எழுதிய உங்கள் கடிதம் உங்கள் தம்பி போன மூன்றாம் நாள் வந்தது. நான்தான் பிரித்தேன். நேரில் பேசலாம் என்று முடித்திருந்தீர்கள். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

படகோட்டி நேற்று வீட்டுக்கு வந்தார். நீந்திக் கரையேறியவர்களில் அவர் ஒருவர். படகு மூழ்கிய அன்று காலை நடந்ததை இப்போதுதான் சொன்னார். இவர் வழக்கம்போலப் பாதி ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறார். புகாரைக் கேட்டுப் பெரியவரே துறைக்கு வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும், "படகு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான? அப்புறம் ஏன் ஆளுங்கள இறக்குறீங்க?" என்று கேட்டாராம். இவர் வாயைத் திறந்திருக்கிறார், வார்த்தை வரவில்லையாம். இறங்கினவர்கள் எல்லோரும் திரும்ப ஏறிவிட்டார்கள். காய்கறிக்காரம்மாவும் ஏறினார். கடைசியாக இவரும் ஏறி, நேராகப் பம்புக்குப் போயிருக்கிறார். நடு ஆற்றில் மரம் இடித்தது இடப்பக்கத்தில். கைப்பம்பை விட்டு அவர் வெளியே வரவேயில்லை என்றார் படகோட்டி.

துறையில் எல்லோரும் சொல்வது என் காதில் விழுகிறது. கையெழுத்துப் போட்டவர் என்கிறார்கள். பெண்டாட்டியை மட்டும் பேருந்தில் அனுப்பினவர் என்கிறார்கள். மருத்துவமனையில் ஊசி போட நீட்டிய கையை ஒரு பெண் இழுத்துக்கொண்டாள். அவர் செத்ததைவிட இது எனக்குத் தாங்க முடியவில்லை அக்கா.

உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 4

அன்புள்ள என் தங்கத்துக்கு,

இனி உன்னைத் தம்பி மனைவி என்று எழுத மாட்டேன், நீ என் தங்கைதான். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அத்தான் உன்னைத் தினமும் விசாரிக்கிறார். மாத்திரையைத் தானாகவே எடுத்துச் சாப்பிடுகிறார், அந்த வீம்பெல்லாம் போய்விட்டது.

கூட்டத்தொடர் தொடங்கிவிட்டது. வாத்தியாரின் கேள்விக்குத் துறையின் பதில் இன்று என் மேசைக்கு வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"(அ) பெரிய படகு மூழ்கியதை அரசு அறியுமா? ஆம். (ஆ) இறந்தவர் எத்தனை பேர்? முப்பத்தொன்று. (இ) படகு நல்ல நிலையில் இருப்பதாகச் சான்றளித்த அலுவலர் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? அவ்வலுவலர் மேற்படி விபத்தில் இறந்துவிட்டதால், கேள்வி எழவில்லை."

இருபத்திரண்டு வருடமாக இந்த இரண்டு சொல்லை எத்தனை ஆயிரம் தாளில் பார்த்திருக்கிறேன். இன்று அதைப் படித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திரும்பி வந்து வரிசை போட்டேன். முதலாவதாகப் போட்டிருக்கிறேன். பிறகு வாத்தியார் அறைக்குப் போய் நோட்டு, கார்பன் நகல், அவன் எழுதிய கடிதங்கள், நான் அவனுக்கு எழுதியவற்றில் நீ அனுப்பித் தந்தவை எல்லாவற்றையும் அவர் மேசையில் வைத்தேன். பதினேழு எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். அவர் ஒன்று விடாமல் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இத நான் அவையில படிச்சா உங்க வேலை போயிடும்மா. வழக்குகூட வரும்" என்றார். படியுங்கள் என்றேன். மார்ச்சில் எழுதி மடித்து வைத்த அந்த நான்கு துணைக் கேள்விகளும் இன்னும் அவர் பையில் இருந்தன. யார் தட்டினார்கள் என்பது முதல் கேள்வி. அறிக்கை எங்கே என்பது இரண்டாவது. அமைச்சர், அதிகாரிகள் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவரைத் திரும்பிப் பார்ப்பார். அவர்கள் உட்காரும் வரிசைக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் என் இடம். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

யார் வெளியே சொன்னது என்று விசாரணை வைப்பார்கள். அது அவன் கேட்ட கேள்விதான். அவன் இருக்கும்போது நான்கு மாதம் அதற்குப் பதில் எழுதாமல் தைலத்தைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியும் எழுதினேன். பயம், வேறொன்றுமில்லை. இந்தக் கடிதத்தை அவன் மேசைமேல், அந்தச் சுத்தியலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு தடவை வாய்விட்டுப் படி.

ஆம், குண்டூசி. வாத்தியாரிடம் சொன்னது நான்தான். பதினேழில் போட்டதும் நான்தான்.

அக்கா